பட்டனை அழுத்திய பின் ஐந்து வினாடி: ஜாவாஸ்கிரிப்டில் தாமதம் வைப்பது எப்படி?

ஜிமெயிலில் மடலை அனுப்பிய அடுத்த நொடிதான் கோப்பை இணைக்க மறந்தது நினைவுக்கு வரும். திரையின் கீழே வரும் சிறு பட்டையில் ரத்து செய்தால் மடல் திரும்பி வந்துவிடும். 2009-இல் சோதனை வசதியாக வந்த இது, 2015-இல் வழக்கமான அமைப்புகளில் இடம்பிடித்தது. 5, 10, 20, 30 வினாடி என நேரத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். பட்டனை அழுத்துவதற்கும் வேலை நடப்பதற்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. எத்தனை பேரின் வயிற்றில் பாலை வார்த்திருக்கும்!

அதே மாதிரி ஒன்றை நம் பக்கத்தில் செய்து பார்க்கலாம். ஒரு குறிப்பு, அதன் பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் உடனே நீங்கக் கூடாது. 5 வினாடி பொறுக்க வேண்டும், அதற்குள் 'வேண்டாம்' என்று சொல்ல வழி இருக்க வேண்டும். எச்டிஎம்எல் கொஞ்சம் தெரிந்திருந்து, ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன் என்றால் என்ன என்பது தெரிந்திருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். கீழே வரும் கோடில் எல்லாவற்றையும் ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். செட்டைம்அவுட், கான்ஸ்ட் போன்று மொழியும் பிரவுசரும் தரும் பெயர்களை எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். செட்டைம்அவுட் என்பதில் 'டைம்' தொடங்கும் டி மட்டும் பெரிய எழுத்து, மற்ற எல்லாம் சிறியவை. ஆனால் நீங்களாக வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், ஜாவாஸ்கிரிப்ட் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். முக்கியமான நிபந்தனை, பெயருக்கு நடுவில் இடைவெளி கூடாது.

படி 1: பக்கத்தைத் தயார் செய்யுங்கள்

எச்டிஎம்எல் கோப்பில் நான்கு பொருள்கள் வேண்டும். குறிப்பு இருக்கும் ஒரு பத்தி, 'நீக்கு' பட்டன், தொடக்கத்தில் மறைந்திருக்கும் 'வேண்டாம்' பட்டன், என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு காலிப் பத்தி. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐடி கொடுத்துவிடுங்கள்.

பட்டன்களுக்கு டைப் என்ற இடத்தில் 'பட்டன்' என்றே குறிப்பிடுங்கள். ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 'சப்மிட்' வகையாகிவிடும். அழுத்தியதும் ஃபார்ம் அனுப்பப்பட்டு பக்கமே புதிதாக ஏறும், நீங்கள் வைத்த தாமதமும் அதோடு போய்விடும். 'என் டைமர் வேலையே செய்யவில்லை' என்று புதியவர்கள் சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

படி 2: செட்டைம்அவுட்

முதலில் மிக எளிய வடிவம்:

கான்ஸ்ட் நீக்குபட்டன் = டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி("நீக்கு");

நீக்குபட்டன்.ஆட்ஈவென்ட்லிஸனர்("கிளிக்", () => {
  செட்டைம்அவுட்(குறிப்பைநீக்கு, 5000);
});

செட்டைம்அவுட்டுக்கு இரண்டு தகவல் தருகிறோம்: எந்த வேலை, எவ்வளவு நேரம் கழித்து. இங்கே வேலை என்பது குறிப்பைநீக்கு, குறிப்பை எடுத்துவிட நாமே எழுதப்போகும் ஃபங்ஷன். நேரம் மில்லிசெகண்டில். 1000 என்றால் ஒரு வினாடி. 5 வினாடி என்று நினைத்து வெறும் 5 என்று போட்டால் கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதைவிட அதிகம் பேரைக் குழப்புவது அடைப்புக்குறிதான். இப்படி எழுதிவிடுவார்கள்:

செட்டைம்அவுட்(குறிப்பைநீக்கு(), 5000);

பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் அந்த வெற்று அடைப்புக்குறி வந்தால் 'இப்போதே செய்' என்று பொருள். குறிப்பு உடனே நீங்கிவிடும். அந்த ஃபங்ஷன் திருப்பித் தந்தது எதுவோ (பெரும்பாலும் ஒன்றுமே இராது) அதுதான் செட்டைம்அவுட்டின் கையில் போய்ச் சேரும். நாம் தர வேண்டியது ஃபங்ஷனின் பெயரை மட்டும். ஃபங்ஷனுக்கு ஏதாவது தகவல் அனுப்ப வேண்டுமென்றால், அம்புக்குறி ஃபங்ஷன் ஒன்றில் பொதிந்து கொடுங்கள்:

செட்டைம்அவுட்(() => குறிப்பைநீக்கு(எண்), 5000);

வேலையை மேற்கோள் குறிக்குள் ஒரு சரமாக எழுதித் தருவதும் பழைய கோடில் தென்படும். பிரவுசர் அதையும் ஏற்கும், ஆனால் பாதுகாப்புக்கு நல்லதல்ல. புதிதாக எழுதும் எதிலும் வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். கிளிக் நிகழ்வோடு வரும் கரன்ட்டார்கெட் என்ற தகவலை டைமருக்குள் பயன்படுத்தினால் அது காலியாக இருக்கும். கிளிக்கைக் கவனிக்கும் ஃபங்ஷன் ஓடி முடிந்ததும் பிரவுசர் அதை வெறுமையாக்கிவிடுகிறது. எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்பதை டைமருக்கு வெளியிலேயே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் 'ஸ்லீப்' கிடையாது?

பைதானிலிருந்து வருபவர்கள் முதலில் தேடுவது ஸ்லீப் போன்ற ஒன்றை. அந்த வரியில் நிரல் நிற்கும், நேரம் ஆனதும் அடுத்த வரிக்குப் போகும். பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டில் அப்படி எதுவும் இல்லை. செட்டைம்அவுட்டுக்கு அடுத்த வரி காத்திருக்காமல் உடனே ஓடும். எஃப்12 அழுத்தி, கன்சோலில் நீங்களே பாருங்கள்:

கன்சோல்.லாக்("ஒன்று");
செட்டைம்அவுட்(() => கன்சோல்.லாக்("இரண்டு"), 2000);
கன்சோல்.லாக்("மூன்று");

ஒன்று, மூன்று, அப்புறம் இரண்டு என்றுதான் வரும். 2000 என்பதை 0 ஆக்கினாலும் அதே வரிசைதான்.

ஒரே ஒரு மாஸ்டர் இருக்கும் டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கட்டும் என்று அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றால், கடை வாசலில் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். கல்லாவில் இருப்பவரிடம் 'அஞ்சு நிமிஷம் கழிச்சு ஞாபகப்படுத்துங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தால் கடை ஓடும். உங்கள் பக்கத்தின் கோடை ஓட்டுவதும், திரையை வரைவதும், கிளிக்கைக் கவனிப்பதும் அந்த ஒரே மாஸ்டர்தான். கல்லாவில் இருப்பவர் பிரவுசர். செட்டைம்அவுட் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வரையறையிலேயே கிடையாது. அது பிரவுசர் தரும் வசதி, அதன் விதிகள் எச்டிஎம்எல் தரநிலையில் இருக்கின்றன.

சிலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 5 வினாடி ஆகும்வரை ஒரு லூப்பைச் சுற்றவிட்டு 'ஸ்லீப்' செய்து பார்ப்பார்கள். அந்த 5 வினாடியும் பக்கம் உறைந்துபோகும். பட்டன் எதுவும் வேலை செய்யாது, எழுத்தைத் தேர்ந்தெடுக்கக்கூட முடியாது. இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

படி 3: 'வேண்டாம்' என்று சொல்ல வழி

செட்டைம்அவுட் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தரும், கிட்டத்தட்ட டோக்கன் மாதிரி. அதைப் பத்திரமாக வைத்திருந்தால் கிளியர்டைம்அவுட் மூலம் அந்த வேலையை ரத்து செய்யலாம். கீழே வரும் வேண்டாம்பட்டன், நிலை (அந்தக் காலிப் பத்தி) இரண்டையும் நீக்குபட்டனைப் போலவே ஐடியைக் கொண்டு முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லெட் டைமர்;

நீக்குபட்டன்.ஆட்ஈவென்ட்லிஸனர்("கிளிக்", () => {
  நீக்குபட்டன்.டிசேபிள்ட் = ட்ரூ;
  வேண்டாம்பட்டன்.ஹிடன் = ஃபால்ஸ்;
  நிலை.டெக்ஸ்ட்கன்டென்ட் = "5 வினாடியில் நீக்கப்படும்";
  டைமர் = செட்டைம்அவுட்(குறிப்பைநீக்கு, 5000);
});

வேண்டாம்பட்டன்.ஆட்ஈவென்ட்லிஸனர்("கிளிக்", () => {
  கிளியர்டைம்அவுட்(டைமர்);
  நீக்குபட்டன்.டிசேபிள்ட் = ஃபால்ஸ்;
  வேண்டாம்பட்டன்.ஹிடன் = ட்ரூ;
  நிலை.டெக்ஸ்ட்கன்டென்ட் = "குறிப்பு அப்படியே இருக்கிறது";
});

'டைமர்' என்ற மாறி இரண்டு ஃபங்ஷனுக்கும் வெளியே இருப்பதைக் கவனியுங்கள். முதல் ஃபங்ஷனுக்குள்ளேயே அதை அறிவித்தால் இரண்டாவதுக்கு அது தெரியாது. ஏற்கெனவே ஓடி முடிந்த டைமரை ரத்து செய்தாலும் பிழை எதுவும் வராது, பயப்பட வேண்டாம். குறிப்பைநீக்கு என்ற ஃபங்ஷனில் குறிப்பை எடுத்துவிட்டு, 'வேண்டாம்' பட்டனையும் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கிய குறிப்புக்கு 'வேண்டாம்' சொல்லும் வேடிக்கை நடக்கும்.

பத்துக் குறிப்புகள் இருந்தால் ஒரே 'டைமர்' போதாது. இரண்டாவது குறிப்பை நீக்கத் தொடங்கியதும் முதல் குறிப்பின் எண் அழிந்துவிடும், பிறகு அதை யாராலும் ரத்து செய்ய முடியாது. குறிப்புக்கு ஒன்றாக எண்ணைச் சேமித்து வையுங்கள். எதற்கு எது என்று ஜோடி ஜோடியாகச் சேமிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் மேப் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

இன்னும் ஒன்று. அந்த 5 வினாடிக்குள் ஒருவர் பக்கத்தை மூடிவிட்டால் டைமரும் சேர்ந்து செத்துப்போகும், குறிப்பு நீங்காது. குறிப்புக்கு அது பரவாயில்லை. பணம், ஆர்டர் போன்ற விஷயங்களில் காத்திருப்பைச் சர்வர் பக்கம்தான் வைக்க வேண்டும்.

படி 4: ஒரே பட்டனைப் பலமுறை அழுத்தினால்

மேலே உள்ள கோடில் பட்டனை முடக்கும் அந்த டிசேபிள்ட் வரி ஏன் வந்தது என்று சொல்கிறேன்.

நான் முதன்முதலில் எழுதிய முன்பதிவுப் பக்கத்தில், பட்டனை அழுத்தி 3 வினாடி கழித்துத்தான் தகவல் சர்வருக்குப் போகும். அந்த 3 வினாடியும் திரையில் எந்த மாற்றமும் இருக்காது. ஒரு பெரியவர் பதிவு செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருமுறை அழுத்தினார். திரையை உற்றுப் பார்த்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, இன்னும் அழுத்தமாக ஒருமுறை. பிறகு 'படலையோ' என்று சொல்லியபடி விரல் நுனியை வேட்டியில் துடைத்துவிட்டு இன்னும் இருமுறை. நான்கு பதிவுகள் விழுந்தன. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. அழுத்தியது பதிந்ததா என்று திரை அவரிடம் சொல்லவே இல்லையே.

ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனி டைமரைத் தொடங்கும். முந்தையது ஓடுகிறதே என்று எந்த டைமரும் ஒதுங்கி நிற்காது. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு, இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் அழுத்தல்தான் முக்கியம் என்றால் உடனே பட்டனை முடக்குங்கள். பதிவு செய்தல், பணம் செலுத்துதல் எல்லாம் இந்த வகை. ஃபார்ம் என்றால் பட்டனின் கிளிக்கைவிட ஃபார்மின் சப்மிட் நிகழ்வைக் கவனியுங்கள். உள்ளீட்டுப் பெட்டியில் என்டர் தட்டினாலும் அது பிடிபடும். தகவலை நீங்களே அனுப்பப்போகிறீர்கள் என்றால் முதல் வரியில் ப்ரிவென்ட்டிஃபால்ட் (பிரவுசர் தானாக ஃபார்மை அனுப்புவதைத் தடுப்பது) போட மறக்காதீர்கள். இதோடு ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் ஏற்காதபடி செய்ய வேண்டும். திரையில் பட்டனை முடக்குவது மட்டும் காவலுக்குப் போதாது.

கடைசி அழுத்தல்தான் முக்கியம் என்றால் பழைய டைமரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்:

கிளியர்டைம்அவுட்(டைமர்);
டைமர் = செட்டைம்அவுட்(விலையைக்கணக்கிடு, 400);

கூட்டல் குறியைத் தட்டித் தட்டிப் பொருளின் எண்ணிக்கையை ஏற்றும் இடத்துக்கு இது பொருத்தம். ஏழுமுறை தட்டினாலும், கை ஓய்ந்து 400 மில்லிசெகண்ட் ஆன பிறகு ஒரே ஒருமுறைதான் கணக்கு நடக்கும். டிபவுன்ஸ் என்று இதற்குப் பெயர். மின்னணுவியலிலிருந்து வந்த சொல் இது. சுவிட்சை ஒருமுறை அழுத்தினாலும் உள்ளே இருக்கும் உலோக முனைகள் சில மில்லிசெகண்ட் துள்ளித் துள்ளிப் பலமுறை தொட்டு விலகும். அந்தத் துள்ளல்களை ஒரே அழுத்தலாக எண்ணச் செய்வதுதான் அங்கே டிபவுன்ஸ்.

படி 5: அவெயிட் வழி

ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேலைகள், நடுநடுவே இடைவெளி என்று வரும்போது செட்டைம்அவுட்டுக்குள் செட்டைம்அவுட் எழுதினால் கோட் படிக்க முடியாத அளவுக்கு வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். இதற்கு மாற்று உண்டு. ப்ராமிஸ் (பிறகு முடியப்போகும் ஒரு வேலையைக் குறிக்கும் பொருள்) 2015-இலும், அது முடியும்வரை காத்திருக்க உதவும் ஏசிங்க், அவெயிட் இரண்டும் 2017-இலும் மொழியின் தரநிலையில் சேர்ந்தன. ஒரே வரியில் ஒரு துணை ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொள்ளலாம்:

கான்ஸ்ட் பொறு = (நேரம்) => நியூ ப்ராமிஸ்((முடிந்தது) => செட்டைம்அவுட்(முடிந்தது, நேரம்));

இனி ஏசிங்க் என்று குறித்த எந்த ஃபங்ஷனிலும் 'அவெயிட் பொறு(2000);' என்று எழுதினால் 2 வினாடி கழித்து அடுத்த வரி ஓடும். பார்க்க ஸ்லீப் போலவே இருக்கும், ஆனால் பக்கம் உறையாது. அவெயிட் என்ற சொல்லை விட்டுவிட்டால் துளியும் காத்திருக்காமல் அடுத்த வரி ஓடிவிடும், பிழைச் செய்தியும் வராது. ரத்து செய்யும் வசதி வேண்டிய இடங்களில் நான் படி 3-இல் உள்ள நேரடி வழியையே விரும்புகிறேன். டோக்கன் கையில் இருப்பது எளிது.

எதற்காகக் காத்திருக்கிறோம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நம் 'நீக்கு' பட்டனில் நாம் காத்திருப்பது ஒரு மனிதருக்காக. அவர் மனம் மாற நேரம் தருகிறோம். அங்கே 5 வினாடி என்பது நாம் எடுக்கும் முடிவு. ஆனால் சர்வரிடமிருந்து பதில் வர எப்படியும் 2 வினாடி ஆகும், அதனால் 2000 போடுவோம் என்று எழுதினால் அது ஊகம். உங்கள் வீட்டு வைஃபையில் சரியாக ஓடும். மலைப்பாதையில் போகும் பேருந்தில் ஒருவர் திறந்தால் உடையும். வேகமான இணைப்பு உள்ளவரையோ காரணமே இல்லாமல் 2 வினாடி நிற்க வைக்கும்.

ஒரு வேலை முடிவதற்காகக் காத்திருந்தால் அந்த வேலையிடமே கேளுங்கள். சர்வருக்கு அனுப்பும் ஃபெட்ச் ஒரு ப்ராமிஸைத் தருகிறது, அதற்கு அவெயிட் போடுங்கள். பக்கத்தின் உறுப்புகள் தயாராக வேண்டுமென்றால் டாம்கன்டென்ட்லோடட் நிகழ்வு இருக்கிறது. பெட்டி மங்கி மறைந்த பிறகு அதை எடுக்க வேண்டுமா, சிஎஸ்எஸ் மாற்றம் முடிந்ததும் ட்ரான்சிஷன்எண்ட் என்ற நிகழ்வு வரும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: அசைவுகளைக் குறைக்கும்படி அமைத்திருப்பவருக்காக உங்கள் சிஎஸ்எஸ் மாற்றத்தையே நிறுத்தியிருந்தால் அந்த நிகழ்வும் வராது, பெட்டி அங்கேயே நிற்கும்.

கோடில் எங்காவது செட்டைம்அவுட்டைக் கண்டால், அதிலுள்ள எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். '300 போட்டேன் ஆகலை, 500 போட்டதும் ஆயிடுச்சு' என்பது பதிலென்றால் அந்த இடத்தில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

5000 என்றால் சரியாக 5000-ஆ?

கிடையாது. 'குறைந்தது 5000' என்றுதான் பொருள். கல்லாவில் இருப்பவர் நேரத்துக்குக் குரல் கொடுத்தாலும், மாஸ்டர் கையில் இருக்கும் டீயை ஆற்றி முடித்துவிட்டுத்தான் திரும்புவார். டைமருக்குள் டைமராக ஐந்து அடுக்குக்கு மேல் போனால் பிரவுசர் குறைந்தது 4 மில்லிசெகண்ட் இடைவெளி விடும். வேறு டேபுக்குப் போய்விட்டால் பின்னணியில் இருக்கும் பக்கத்தின் டைமர்களை வினாடிக்கு ஒருமுறை என்று மட்டுப்படுத்தும். 2021-இல் வந்த குரோம் 88-இலிருந்து, நெடுநேரம் மறைந்திருக்கும் பக்கங்களில் தொடர்ச்சியாக ஓடும் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்கும் மெதுவாகலாம்.

'ஓடிபியை மீண்டும் அனுப்ப 30 வினாடி' என்று எண் குறைந்துகொண்டே வருமே, அங்கே இது நேரடியாகக் கடிக்கும். வினாடிக்கு ஒருமுறை ஓடும் செட்இன்டர்வலில் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பதுதான் எல்லோரும் முதலில் எழுதும் முறை. ஆனால் ஓடிபிக்காகக் காத்திருப்பவர் என்ன செய்வார்? குறுஞ்செய்தி வந்ததா என்று பார்க்கப் பிரவுசரை விட்டு வெளியே போவார். சரியாக அந்த நேரம் பக்கம் பின்னணிக்குப் போய், எண்ணிக்கை தடுமாறும். திரும்பி வந்தால் 30 வினாடி தாண்டியிருக்கும், திரையோ இன்னும் 21 என்று காட்டும். தொடங்கும்போதே முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்:

கான்ஸ்ட் முடிவு = டேட்.நவ்() + 30000;

ஒவ்வொரு முறையும் முடிவிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து மீதியைக் காட்டினால், இடையில் எத்தனை துடிப்பு தவறினாலும் எண் சரியாக இருக்கும்.

பெரிய எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு: 2147483647 மில்லிசெகண்ட், ஏறத்தாழ 24.8 நாள். அதற்கு மேல் கொடுத்தால் காத்திருக்காமல் உடனே ஓடிவிடும்.

எவ்வளவு நேரம் வைப்பது?

பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 0.1 வினாடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 வினாடிவரை தாமதம் தெரியும், ஆனால் நினைப்பு அறுபடாது. 10 வினாடிக்கு மேல் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே வேலை தாமதமாக நடந்தாலும், அழுத்தியது பதிந்துவிட்டது என்ற அறிகுறி உடனே தெரிய வேண்டும். அந்தப் பெரியவர் எனக்குக் கற்றுத் தந்ததும் இதைத்தான்.

ரத்து செய்யும் நேரத்தைத் தாராளமாக வையுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், கை நடுங்குபவருக்கும் 5 வினாடி சில சமயம் போதாது. ஜிமெயில் 30 வரை தருவது சும்மா இல்லை. நிலையைச் சொல்லும் பத்திக்கு ரோல் என்ற இடத்தில் 'ஸ்டேட்டஸ்' என்று கொடுத்தால், திரைபடிப்பான் பயன்படுத்துவோருக்கும் செய்தி மாறியதும் குரலில் கேட்கும்.

செய்து முடித்ததும் மௌஸைத் தள்ளி வைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டேப் விசையால் 'நீக்கு'க்கு வந்து என்டர் தட்டியதும், முடக்கப்பட்ட அந்தப் பட்டன் ஃபோகஸை இழந்துவிடும். 5 வினாடி ஓடிக்கொண்டிருக்க, 'வேண்டாம்' எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நீக்கும் ஃபங்ஷனில், 'வேண்டாம்' பட்டனைக் காட்டும் வரிக்குக் கீழே இதைச் சேருங்கள்:

வேண்டாம்பட்டன்.ஃபோகஸ்();

இப்போது மனம் மாறினால் இன்னொரு என்டர் போதும். ரத்து செய்யும் ஃபங்ஷனிலும் அதேபோல் நீக்குபட்டனுக்கு ஃபோகஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.